முகமறியார்க்கு இரங்குதல்

இறந்தவர் ஒருவருக்காக வருந்துவதற்கு எத்தகைய உரிமை வேண்டும்? பெற்றோர், மனைவி, மக்கள், நண்பர், அயலவர் ஆகியோர் துயருறுமிடத்து இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. உறவே அவர்தம் துயருக்குச் சான்றாக அமைந்துவிடுகிறது. ஆயின், இறந்தவரை மேடையில் தொலைவிருந்து கண்டதற்கு மேல் அறியாதவரும், அவருடன் ஒரு சொல்லேனும் பேசியிராதவரும், தாம் ஒருவர் இவ்வுலகில் உள்ளோம் என்பதையே அவருக்கு அறிவித்திராதவரும் கலங்கி நிற்பராயின், அக்கலக்கத்தை யாதென்று கொள்வது? கலைஞர் மறையுந்தோறும் இவ்வினா தலைகாட்டுகிறது. பெருங்கூட்டம் ஒன்றுசேர்ந்து அழுமிடத்து அழுகையின் ஓசையிலேயே அது அமிழ்ந்தும் போகிறது. ஆதலால், ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்து, பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாமலே வருந்திய இரசிகரின் துயரை எடுத்து நோக்குவது வினாவைத் தெளிவாகக் காண்பதற்கு உதவும். அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் மைக்கல் ஹெட்ஜஸ் 1997 இல் திடீரென மறைந்தபோது நேர்ந்த துயர் அத்தகையது.

ஹெட்ஜஸ் 1953 டிசெம்பர் 31 ஆந் திகதி கலிபோர்ணியா மாநிலத்திற் பிறந்தவர். ஒக்லஹோமா மாநிலத்து ஈனிட் என்னும் ஊரில் வளர்ந்தவர். பால்டிமோர் நகரின் பீபொடி இசைக் கல்லூரியில் முறையாக இசையாக்கம் பயின்றவர். வின்டம் ஹில் என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்தை நடாத்திவந்த வில்லியம் ஆக்கர்மன், அவரது வாசிப்பைக் கேட்ட இடத்திலேயே கைத்துடைப்புத் தாள் ஒன்றில் ஒப்பந்தம் எழுதினார் எனக் கூறுவர். முதல் இசைத்தட்டு 1981 இலும், அவருக்கு நிலையான புகழை ஈட்டிக்கொடுத்த 'ஏரியல் பவுண்டரீஸ்' 1984 இலும் வெளிவந்தன. அவர் பெரிதும் கையாண்டது மின்விசைக் கிற்றார் அன்று. மரப் பெட்டியும் உருக்குத் தந்திகளும் மட்டுமே கொண்ட கிற்றார். மேடையிற் பெரும்பாலும் தனியொருவராகவே தோன்றினார்.

1997 நவம்பர் இறுதியில், ஆண்டுதோறும் வரும் நன்றியறிதல் விடுமுறையை நாட்டின் கிழக்குக் கரையிற் கழித்துவிட்டுத் திரும்பிய அவர், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து மெண்டொசினோப் பகுதியிலிருந்த தம் இல்லம் நோக்கிக் காரிற் புறப்பட்டார். மழையால் வழுக்கிய மலைப்பாதை வளைவொன்றிற் கார் பாதையை விட்டு விலகிச் சரிவிற் பாய்ந்தது. சில நாட்கள் கழிந்த பின்னரே உடல் கண்டெடுக்கப்பட்டது. 44 ஆம் பிறந்தநாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே எஞ்சியிருந்தது.

விபத்துக்கும் செய்திக்கும் இடைப்பட்ட அச்சில நாட்கள் மெய்யியல் நோக்கிற் சிந்திக்கத்தக்கவை. அந்நாட்களிலும் எங்கோ ஓர் அறையில் எவரோ ஒருவர் வழமைபோல் அவரது இசைத்தட்டைச் சுழலவிட்டிருப்பர். கேட்டவர் மனத்தில், வாழும் ஒருவரின் இசையைக் கேட்கிறோம் என்னும் எண்ணம் இருந்திருக்கும். எண்ணமென்று கூறுவதும் மிகை, ஐயுறாமை என்பதே பொருந்தும். பின்னர்ச் செய்தி வந்தது. அதே தட்டு மீண்டும் சுழன்றது. ஒலியில் ஓர் அணுவும் மாறியிருக்கவில்லை. இரசிகர் கையில் இருந்தது அனைத்தும் இப்போதும் அவர் கையிலேயே இருந்தது. மகன் இறந்தால் தாய்க்கு அவன் குரல் நின்றுவிடுகிறது. இரசிகருக்கோ குரல் நிற்கவில்லை. அவ்வாறாயின் அவர் இழந்தது யாது? இழப்பு எதுவுமின்றி ஏற்படும் துயரைத் துயரெனல் தகுமா?

தகாது என்பார் கட்சி வலுவற்றதன்று. அவர் கூறக்கூடியது இது: இரசிகர் அழுவது இறந்த மனிதருக்காக அன்று, அவரைச் சுற்றித் தாமே புனைந்துகொண்ட ஓர் உருவத்துக்காக. அம்மனிதரின் கோபதாபங்களை அவர் அறியார். காலையில் அவர் எவ்வாறு எழுந்தார், எதற்கு அஞ்சினார், யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பவற்றை அறியார். தம் இளமைக்காலத்து மாலைப்பொழுதுகளில் அவ்விசை துணைநின்றது. அம்மாலைப்பொழுதுகள் கழிந்தன என்பதற்கே இப்போது அழுகிறார். எனவே இது தன்னிரக்கமே. மெய்யான துயருக்கு உரியோரின் இடத்தை இது அடைத்துக்கொள்வதும் உண்டு. இக்கட்சிக்கு அதே ஆண்டே சான்றொன்றும் நல்கியது. 1997 ஓகஸ்ட் 31 இல் வேல்ஸ் இளவரசி டயானா பாரிஸ் நகரில் விபத்தொன்றில் இறந்தபோது இலண்டன் அரண்மனை வாயில்களில் மலர்கள் மலைபோற் குவிந்தன. கண்டறியாத ஒருவருக்காக நாடே அழுததைச் சிலர் மனிதநேயத்தின் மலர்ச்சி எனப் போற்றினர். வேறு சிலர் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் விளைவித்த உணர்ச்சிப் பெருக்கென்றே கண்டனர்.

ஆயினும் இவ்விரு மறைவுகளையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. கூட்டத்தோடு அழுபவருக்குக் கூட்டமே ஆறுதல். ஹெட்ஜஸின் இரசிகருக்கு அந்த வசதியும் இல்லை. அவர் பெயரை அலுவலகத்திற் கூறினால் எவரும் அறியார். வீட்டிற் கூறினால் எந்த உறவினர் என்று வினவுவர். நன்மைக்கு அழைப்பின்றிப் போகலாகாது, சாவுக்கு அழைப்பின்றியே போகவேண்டும் என்பது தமிழர் வழக்கு. துயர் வீட்டின் வாயில் யாவர்க்கும் திறந்திருக்கும் என்னும் பேரறிவு அவ்வழக்கினுள் உள்ளது. ஆனால் இவ்விரசிகர் போகக்கூடிய வீடு எது? தலைகுனிந்து அமர்வதற்கு முற்றமில்லை. கைபற்றி ஆறுதல் கூறுவதற்கு உரியவர் முகந்தெரியாதவர். சடங்கும் சாட்சியுமில்லாத துயர் அது. பிறர்க்குக் காட்டுவதற்கென எழுந்த துயர், காண்பாரில்லாத இடத்தில் நீடித்து நிற்பதில்லை. ஆதலின் இதனைப் பகட்டென ஒதுக்குவது எளிதன்று. தன்னிரக்கம் என்னும் குற்றச்சாட்டு மட்டும் எஞ்சுகிறது, அதனை ஆராயவேண்டும்.

காணாதார்மேற் கொண்ட அன்பைப் பற்றித் தமிழிலக்கியத்தில் ஒப்பற்ற சான்றொன்றுண்டு. பாண்டிநாட்டுப் பிசிரூரில் வாழ்ந்த ஆந்தையாரும் உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர். சோழன் வடக்கிருந்தபோது தன் அருகில் ஆந்தையாருக்கும் ஓரிடம் ஒதுக்குமாறு பணித்தான். அவர் வருவாரா என்று பிறர் ஐயுற்றனர். அவரோ வந்தார், உடன் உயிர் நீத்தார். நட்புக்கு உடனுறைதலும் பழகுதலும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறட்கருத்துக்கு உரையாசிரியர் இவர்களையே எடுத்துக்காட்டுவர். இரசிகரின் சார்பில் வாதாடுவோர் இச்சான்றைக் கையிலெடுக்க விரும்புவர். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கின் இது அவர்களுக்கு உதவாது என்பது புலனாகும். சோழன் ஆந்தையாரை அறிந்திருந்தான். இடம் ஒதுக்கச் சொன்னவன் அவனே. கண்கள் சந்திக்காவிடினும் இருபக்கத்தும் அறிதல் இருந்தது. ஹெட்ஜஸ் எந்த இரசிகருக்கும் இடம் ஒதுக்கியவரல்லர்.

அரிஸ்டோட்டில் இவ்வேறுபாட்டைக் கூர்மையாக வகுத்துக் காட்டியுள்ளார். தமது ஒழுக்கவியல் நூலில் நட்பைப் பற்றி எழுதும் பகுதியில், ஒருவர் மற்றவரது நன்மையை விரும்புவது மட்டும் நட்பாகாது என்பார். அவ்விருப்பம் இருபாலும் இருத்தல் வேண்டும், இருவரும் அதனை அறிந்திருத்தலும் வேண்டும். ஒருபாற்பட்ட நல்விருப்பத்துக்கு அவர் வேறு பெயரிட்டார். அது முன்பின் அறியாதவர்மீதும் தோன்றக்கூடியது. விளையாட்டுப் போட்டியைக் காண்போர் போட்டியாளர் ஒருவர்மேற் கொள்வது போன்றது. அவர் வெல்லவேண்டும் என விரும்புவர், ஆனால் அவருக்காகத் தாம் எவ்வித சிரமத்தையும் ஏற்கார். செயலில் இறங்காத நட்பு என்றே அதனை அவர் சுட்டினார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட இவ்விடத்தை வாசிக்கும்போது, இரசிகர் என்னும் சொல் தோன்றுமுன்னரே இரசிகரின் இலக்கணம் எழுதப்பட்டுவிட்டதோ என எண்ணத் தோன்றும்.

எனினும் அரிஸ்டோட்டிலின் உவமை ஓரிடத்திற் குறைபடுகிறது. போட்டியாளரின் ஓட்டம் காண்போரை நோக்கியதன்று. அவர் முடியை நோக்கி ஓடுகிறார். இசை கேட்போரை நோக்கியது. பெயர் தெரியாவிடினும் கேட்பவர் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கையின் மேலேயே அது எழுகிறது. கலைஞர் இரசிகரை அறியார் என்பது உண்மை. ஆனால், இரசிகருக்கு எதை வழங்குவது, எதை மறுப்பது என்பதை ஒவ்வொரு கணமும் தீர்மானித்தவாறே இருக்கிறார்.

இவ்விடத்து ஹெட்ஜஸின் வாசிப்பு முறையைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். 'ஏரியல் பவுண்டரீஸ்' என்னும் உருப்படியில் கிற்றாரின் ஆறு தந்திகளுள் நான்கு வழக்கமான சுருதியினின்று மாற்றப்பட்டுள்ளன. இடக்கை விரல்கள் தந்தியை அழுத்துவதோடு அமையாது தாமே தட்டியும் இழுத்துவிட்டும் சுரங்களை எழுப்புகின்றன. வலக்கை மீட்டுதலை விட்டுத் தந்திப் பலகையின்மேல் ஏறி அங்கும் தட்டி ஒலிக்கிறது. முதன்முறை கேட்போர் இருவர் அல்லது மூவர் சேர்ந்து வாசிக்கின்றனர் என்றே எண்ணுவர். அதனினும் கருதத்தக்கது ஒலிகளை அவர் நிறுத்திய முறை. கிற்றாரின் தந்தி மீட்டிய பின்னர் தானாகவே ஒலித்துத் தேய்ந்து மறையும் இயல்புடையது. பலர் அவ்வாறே விட்டுவிடுவர். ஹெட்ஜஸ் ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கவேண்டும் என்பதில் எவ்வளவு கருத்தாயிருந்தாரோ அவ்வளவுக்கு எங்கே முடியவேண்டும் என்பதிலும் கருத்தாயிருந்தார். வேறொரு விரலோ உள்ளங்கையோ வந்து தந்தியைத் தொட்டு அதனை அடக்கும். அவர் தம்மைக் கிற்றார் வாசிப்பவர் என்பதினும் இசையாக்குநர் என்றே கருதியமைக்கு இது சான்று.

ஆகவே, அவ்விசையைப் பல்லாண்டுகளாக ஊன்றிக் கேட்டவர் அவரைப் பற்றி ஒன்றுமே அறியார் எனல் பொருந்தாது. அவருடைய காலையுணவை அறியார். ஆனால், எங்கே அவர் பொறுத்திருப்பார், எங்கே துணிவார், எதனைக் கூறாது விடுவார் என்பவற்றை அறிவார். ஒருவரது தெரிவுகளை அறிதலும் அவரை அறிதலே. அண்டை வீட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பலரைப் பற்றி இவ்வளவு கூற இயலாது.

ஆனால் இவ்வறிவு முழுவதும் இசைத்தட்டிலேயே உள்ளது, அது அழியவில்லை. எனவே முதல் வினா மீண்டும் வருகிறது. இழந்தது யாது?

இனி அவர் படைத்திருக்கக்கூடிய படைப்புகளை இழந்தனர் என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. இவ்விடை பிழையன்று, போதாதது. பிறவாத பாடல்களுக்காக அழுவோர் அறுவடை குறைந்ததென வருந்தும் வணிகரை ஒத்தவராவர். தொகை குறைந்தது என்பதே அவர்தம் முறைப்பாடு. ஹெட்ஜஸின் பதினாறு ஆண்டுக் கலைவாழ்வை நோக்கினால் வேறொன்று புலப்படும். 1984 இற் கருவியிசையால் புகழ்பெற்றவர், அடுத்த ஆண்டே தம் குரலால் பாடிய இசைத்தட்டை வெளியிட்டார். கிற்றாரை மட்டுமே எதிர்பார்த்திருந்தவர் பலர் திகைத்தனர், சிலர் முகஞ்சுளித்தனர். 1994 இல் வெளியிட்ட தட்டிலும் பாடலே மேலோங்கியது. 1996 இல், எவரும் இனி எதிர்பார்க்கலாகாது என்றிருந்த வேளையில், 'ஒரக்கிள்' என்னும் தட்டின் மூலம் தனிக்கிற்றாருக்கு மீண்டார். அதாவது, அவர் இரசிகர் கேட்டதைக் கொடுத்தவரல்லர். கேட்டதற்கு மாறாகவும், கேட்காததையும், சில வேளைகளில் அவர்கள் விரும்பாததையும் கொடுத்தார். அதுவே அவர்களுக்கு அவர் அளித்த மறுமொழி.

ஒருபாற்பட்டது எனப்படும் இவ்வுறவில் மறுபக்கத்தின் இருப்பு இவ்வாறே உணரப்பட்டது. இரசிகரின் மனத்திலுள்ள உருவத்தை, உண்மையான மனிதர் அடிக்கடி வந்து கலைத்துச் சென்றார். புனைவாக மட்டும் இருந்தவர் இவ்வாறு செய்ய இயலாது. புனைவு தன்னைப் புனைந்தவருக்கு ஒருபோதும் மாறுரைப்பதில்லை. இரசிகர் தாமே படைத்த உருவத்துக்காக அழுகிறார் என்னும் குற்றச்சாட்டு இங்கே தடுமாறுகிறது. ஏனெனில், 1997 இல் அழிந்தது அவ்வுருவமன்று. உருவம் இறவாது, இன்னும் மெருகேறும். அழிந்தது அவ்வுருவத்தை மறுக்கும் ஆற்றல். மாறுபடவல்ல ஒருவர் இல்லாதொழிந்தார். கேட்ட இசையே மீண்டும் கேட்கும்போது வேறாகத் தோன்றியமைக்குக் காரணமும் இதுவே. அதுவரை அது தொடரக்கூடிய பேச்சின் ஒரு பகுதியாக இருந்தது; இப்போது முடிந்த பேச்சாயிற்று. நீண்ட நோயின் பின் நிகழும் இறப்பில் இம்மாற்றம் மெல்லமெல்ல வரும். கலைஞரே தம் இறுதிச் சொல்லை உணர்ந்து கூறவும் கூடும். திடீர் இறப்பிலோ நடுவாக்கியம் இறுதி வாக்கியமாகிவிடுகிறது. எழுதியவர் அங்கே முற்றுப்புள்ளி இடவில்லை.

புறநானூற்றிற் கையறுநிலை என்னும் துறையிலமைந்த செய்யுட்கள் பல. பெரும்பாலும் அவை பாடிப் பரிசில் பெற்றோர் கொடுத்தோரை இழந்து பாடியவை. பாரிக்குக் கபிலரும் அதியமானுக்கு ஔவையாரும் இரங்கினர். இனி யாரிடம் செல்வது, யாரைப் பாடுவது என்னும் கையறவே அவற்றின் உயிர். இன்றைய இரசிகரின் துயரில் நிலை தலைகீழானது போலத் தோன்றும்: இங்கே இறந்தவன் பாணன், இரங்குவோர் பணங் கொடுத்து இசைத்தட்டு வாங்கியோர். ஆனால் கொடை எப்பக்கத்திலிருந்து எப்பக்கம் சென்றது என்பதை வாங்கியோரே நன்கறிவர். விலை கொடுத்தபின்னும் கடன் தீரவில்லை என்னும் உணர்வே அவர்தம் கலக்கத்தின் பெரும்பகுதி. பலர் ஒரு கடிதமேனும் எழுதியிருக்கலாம் என எண்ணியிருப்பர். நிகழ்ச்சி முடிவில் மேடைப்பக்கம் சென்று ஒரு சொல் கூறியிருக்கலாம் என எண்ணியிருப்பர். நாட்கள் நிறைய உள்ளன என்றிருந்தது. கபிலர் பாரியுடன் வாழ்நாளெல்லாம் உறவாடினார். அவர் துயர் பெரிது, எனினும் கூறவேண்டியதைக் கூறியவரின் துயர் அது. நன்றி கூறாதவரின் துயர் அளவிற் சிறிதாயினும் அதன் வகை வேறு. அதற்கு முகவரி இல்லை.

இவ்வளவும் இரசிகரின் துயர் மெய்யானது எனக் காட்டும். மெய்யான துயர் யாவும் நல்லொழுக்கமுடையதென இதனாற் கொள்ளலாகாது. மாறுபடும் ஆற்றலை இழந்தவரை எவரும் எதுவும் செய்யலாம். இறந்தோர்க்கும் இரங்குவோர்க்கும் இடையிலுள்ள உறவின் மிகக் கடினமான பகுதி இதுவே. ஹெட்ஜஸ் வாழ்ந்த காலத்தில், அவரது இசையை வணிகர்கள் 'நியூ ஏஜ்' என்னும் வகைப் பெயரால் விற்றனர். அவருக்கு அப்பெயரில் விருப்பமில்லை. தம் இசைக்குத் தாமே வேடிக்கையான பெயர்கள் பலவற்றைச் சூட்டி அதனைப் பகடி செய்தார். 1998 இல், அவர் இறந்து சில மாதங்களுள், 'ஒரக்கிள்' தட்டுக்குக் கிராமி விருது வழங்கப்பட்டது. எந்த வகையில்? சிறந்த 'நியூ ஏஜ்' இசைத்தட்டு என்னும் வகையில். விருதளித்தோர் தீங்கெதுவும் எண்ணியவரல்லர். மதிப்புச் செய்யவே எண்ணினர். ஆனால், உயிருடன் இருந்திருப்பின் மேடையேறி அவர் என்ன நகைச்சுவை பகர்ந்திருப்பார் என எண்ணாமலிருக்க இயலவில்லை. இறந்தோர் நகைச்சுவை பகர்வதில்லை.

1999 இல் வெளிவந்த 'டோர்ச்ட்' என்னும் தட்டு இன்னும் சிக்கலானது. அவர் நிறைவுசெய்யாது விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளிலிருந்து அது உருவாக்கப்பட்டது. ஒரு சுரம் எங்கே நிற்கவேண்டும் என்பதிற் கூட அத்துணைக் கண்டிப்பாயிருந்தவரின் முடியாத வேலையை வெளியிடலாமா? வேண்டாம் என்றால், எஞ்சியவை பேழைக்குள் மடிந்துபோகும். அவருடன் உழைத்தோரின் அன்புக்கும் அது நீதியாகாது. வேண்டும் என்றால், அவர் 'இது முடிந்தது' எனக் கூறாத ஒன்றை அவர் பெயரால் முடித்ததாகும். இரு பக்கத்திலும் நியாயமுண்டு. வெளியிட்டவர்கள் பெரும்பாலும் அவரை அணுகி அறிந்தோர் என்பதால் அவர்களது தீர்ப்புக்கு மதிப்புக் கொடுத்தல் தகும். ஆனால் இரசிகரின் பக்கத்தில், அத்தட்டை அவர் கேட்கும் முறையிலேயே ஒழுக்கம் தங்கியுள்ளது. அவரது இறுதிச் சொல் இதுவே எனக் கேட்பது பொய். எழுதிக்கொண்டிருந்தவரின் மேசைமேற் கிடந்த தாள் இது எனக் கேட்பது மெய். மேலும் மேலும் வேண்டும் என்னும் பசி எல்லையற்றது. ஒவ்வொரு மேடைப்பதிவையும் ஒவ்வொரு ஒத்திகைத் துணுக்கையும் தேடிச் சேர்ப்பவர், காலப்போக்கிற் கலைஞரைக் கேளாது தம் சேர்க்கையையே கேட்பர். மாறுரைக்க இயலாதவரை உடைமையாக்கிக்கொள்ளும் இச்செயல் துயரின் வடிவில் வருவதால் எளிதில் அடையாளங் காணப்படுவதில்லை.

சிரமமேதும் ஏற்காத நல்விருப்பம் என அரிஸ்டோட்டில் கூறியதை இவ்விடத்து மீண்டும் நினைவுகூர வேண்டும். ஹெட்ஜஸின் இரசிகருள் ஒரு பகுதியினர் சிரமத்தை ஏற்றனர். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1995 இல், ஜோன் ஸ்ரோப்ஸ் என்னும் கிற்றார் ஆசிரியர் அவரது உருப்படிகளை நுணுக்கமாக எழுத்திற் பதித்து நூலாக்கினார். 'தாளம், ஒலிநிறைவு, மௌனம்' என்பது அந்நூற்பெயரின் பொருள். மூன்றாவது சொல் காரணமின்றி இடம்பெற்றதன்று. அந்நூலை முன்வைத்துக் கற்க முனையும் மாணவர் முதலிற் காண்பது தம் விரல்களின் பழக்கம் எதுவும் உதவாது என்பதையே. சுருதி மாறியது, எனவே கைக்குப் பழகிய இடங்கள் யாவும் பிழையான சுரத்தைத் தரும். தட்டித் தட்டி ஒருவாறு சுரங்களை எழுப்பிய பின்னர், அவற்றை நிறுத்தக் கற்கவேண்டும். அது இரு மடங்கு கடினம். மாதங்கள் கழியும். இக்கற்றலில் இறந்தவர் மீண்டும் மாறுரைக்கிறார்: அவ்வாறன்று, இவ்வாறு என்கிறார். இசைத்தட்டைச் சேர்ப்பவருக்குக் கிட்டாத மறுப்பு, வாசிக்கக் கற்பவருக்குக் கிட்டுகிறது. 1979 இற் பிறந்த அண்டி மக்கீ முதலிய அடுத்த தலைமுறையினர் இவ்வழி வந்தோரே. கூடுதலான மந்தரத் தந்திகள் பூட்டிய, ஏறத்தாழ வழக்கொழிந்திருந்த யாழ்க் கிற்றார் என்னும் பழைய கருவியை ஹெட்ஜஸ் கையிலெடுத்தார். இன்று மக்கீ போன்றோர் கையிலும் அது ஒலிக்கிறது.

பிரான்சியக் கிற்றார்க் கலைஞர் பியெர் பென்சூசானின் இரங்கல் வேறு வகையானது. 2001 இல் வெளிவந்த அவரது இசைத்தட்டில் 'சோ லோங் மைக்கல்' என்னும் உருப்படி உள்ளது. மைக்கலுக்கு விடைகூறல் என்பது அதன் பொருள். பென்சூசான் பல பத்தாண்டுகளாக ஒரே சுருதியமைப்பிலேயே வாசித்து வருபவர். ஹெட்ஜஸோ உருப்படிக்கு ஒரு சுருதி மாற்றியவர். நண்பருக்கு இரங்கும்போதும் பென்சூசான் நண்பரின் சுருதிக்கு மாறவில்லை. தட்டும் வித்தைகளை எடுத்தாளவுமில்லை. தம் கருவியில் தமக்குரிய மொழியிலேயே விடைகூறினார். போலச் செய்து புகழ்வது எளிது. கேட்போர் கண்ணீரும் விரைவில் வரும். இறந்தவரை அவராகவே விட்டுவைத்துத் தாம் தாமாகவே நின்று இரங்குவதில் ஒரு கண்ணியம் உண்டு. அந்த உருப்படியைக் கேட்போர் அதில் ஹெட்ஜஸைத் தேடினாற் காணார்.

வாசிக்கத் தெரியாத இரசிகர் என்ன செய்வது என்னும் வினா நியாயமானது, பெரும்பாலோர் அத்தகையோரே. கவனத்துடன் கேட்டல் அவர்க்குரிய சிரமம். முகஞ்சுளித்து ஒதுக்கிய 1985 ஆம் ஆண்டுத் தட்டை மீண்டும் எடுத்து, அதில் அவர் எதனைக் கூற முயன்றார் எனப் பொறுமையுடன் கேட்பது, விரும்பிய தட்டை நூறாவது முறை கண்ணீருடன் கேட்பதினும் அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. அவரது வீட்டாரிடமிருந்து விலகி நிற்றலும் அதன் ஒரு பகுதியே. ஹெட்ஜஸுக்கு இரு புதல்வர் இருந்தனர். அவர்களுக்கு இறந்தவர் ஒரு கலைஞரல்லர், தந்தை. சுருதியும் மௌனமும் அவ்விழப்புக்கு எவ்வகையிலும் விளக்கமாகா. இரசிகர் தம் துயர் மெய்யானது என உணர்வதற்கு அவர்களிடமிருந்து எவ்வித அங்கீகாரமும் வேண்டியதில்லை. அதனைக் கேட்டுச் செல்வதே அத்துயரின் தகுதியைக் குறைத்துவிடும். தொலைவில் நிற்பவர் தொலைவிலேயே நின்று அழலாம். அத்தொலைவிலிருந்துதான் அவர் இத்தனை ஆண்டுகளும் கேட்டிருந்தார்.